டவுலஸ் துணி: ஆளி விதைப்பிலிருந்து வெளுப்பு வரை முழுமையான வழிகாட்டி

பிரான்சின் மேற்கு முனையில் பிரிட்டனி. அங்கே பிரெஸ்ட் நகருக்குத் தென்கிழக்கே தவுலாஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த வட்டாரத்திலிருந்து கப்பலேறி வந்த முரட்டு லினன் துணியை ஆங்கிலேயர் டவுலஸ் என்றார்கள். லொக்ரோனான் என்ற ஊரின் பெயரால் வந்த அதன் உறவுக்காரத் துணி லாக்ரம். எட்டாம் ஹென்றி காலத்து 1529-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உழைப்பாளிகளின் சட்டை, உள்ளாடை, மேலங்கி என்று அன்றாடம் தேய்கிற எல்லாவற்றுக்கும் இந்தத் துணிதான்.

இதன் தரம் எப்படியென்று ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் ஒரு சண்டை காட்டிக்கொடுக்கிறது. விடுதிக்காரி வாங்கிக் கொடுத்த சட்டைகள் வெறும் டவுலஸ், மாவு சலிக்கட்டும் என்று ரொட்டிக்காரர் மனைவிகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறான் ஃபால்ஸ்டாஃப். எல் ஒன்றுக்கு 8 ஷில்லிங் கொடுத்து வாங்கிய ஹாலந்துத் துணி அது என்று அவள் சீறுகிறாள். (இங்கிலாந்து எல் 45 அங்குலம்.) டவுலஸுக்கும் ஹாலந்துக்கும் செடி ஒன்றே, நெசவும் அதே சாதா நெசவுதான். நாரை எத்தனை முறை சீவினார்கள், நூலை எவ்வளவு மெல்லிதாக இழுத்தார்கள், வெளுப்பை எங்கே நிறுத்தினார்கள் என்ற மூன்றில்தான் விலை பிரிந்தது. டவுலஸ் செய்ய நினைப்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே நிறுத்துவது என்பதுதான்.

ஓர் எச்சரிக்கை. பிற்காலத்தில், லினன் போல் தோன்றும்படி நெய்த முரட்டுப் பருத்திக்கும் டவுலஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய ஆவணத்தில் இந்தச் சொல்லைக் கண்டால் முதலில் ஆண்டைப் பாருங்கள். இன்னொன்று: லினன் செடிக்குத் தமிழில் சிலர் சணல் என்று எழுதுகிறார்கள். சாக்கு தைக்கிற சணல் வேறு செடி. இங்கே பேசுவது ஆளி, கடையில் ஆளிவிதை என்று விற்கிறார்களே அந்தச் செடி.

எவ்வளவு வேண்டும்

ஒரு முழுக்கைச் சட்டைக்குப் போதுமான துணியை இலக்காக வைத்துக்கொள்வோம்: துவைத்துச் சுருங்கிய பிறகு சுமார் 72 செ.மீ. அகலம், 3.5 மீட்டர் நீளம். நூல் 20 லீ. ஒரு பவுண்டு எடையில் 300 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் சுருள்கள்) எத்தனை இருக்கின்றன என்பதே லீ. லினன் சேலையை 100 கவுண்ட் என்று விற்பதும் இந்தக் கணக்கில்தான். 20 லீ நூலில் கிலோவுக்கு ஏறத்தாழ 12,100 மீட்டர் வரும்.

தறியில் 80 செ.மீ. அகலம், செ.மீ.க்கு 13 பாவு இழை (நீளவாட்டில் ஓடுவது) என்றால் மொத்தம் 1,040 இழை. பாவின் நீளம் 4.7 மீட்டர். இதில் 80 செ.மீ. தறியிலேயே மிஞ்சிக் கழிவாகப் போகும். ஆக பாவுக்கு 4,890 மீட்டர் நூல். குறுக்கே ஓடும் ஊடை செ.மீ.க்கு 12, நெய்யும் நீளம் 3.9 மீட்டர். அதற்கு 3,840 மீட்டர். அறுந்து போவதையும் சேர்த்து 9,400 மீட்டர், அதாவது 780 கிராம் நூல். துணி முடிந்த பிறகு சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேல் நிற்கும்.

இந்த நூலுக்குச் சீவிய நெடுநார் (சீப்பில் இழுத்த பின் கையில் மிஞ்சும் நீண்ட நார்) 850 கிராம் தேவை. கையால் பதப்படுத்தினால் ஒரு சதுர மீட்டர் நிலம் 50 முதல் 60 கிராம் நெடுநார் தரும். கணக்குப்படி 14 முதல் 17 சதுர மீட்டர், தண்டை ஊறவைப்பது கொஞ்சம் கெட்டாலும் தாங்கும்படி 20 சதுர மீட்டர் விதையுங்கள். விதை 250 முதல் 300 கிராம்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் நார் ஆளி போட்டுப் பார்ப்பது வீண் வேலை. நீண்ட, குளிர்ந்த, ஈரமான வசந்தம் அதற்கு வேண்டும். பிரான்சு, இங்கிலாந்து, கனடா போன்ற இடங்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் விதையிலிருந்தே தொடங்கலாம். மற்றவர்கள் நூலை வாங்கி நெசவுக் கட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

விதைப்பும் பிடுங்கலும்

மளிகைக்கடை ஆளிவிதை உதவாது. அது எண்ணெய்க்கான ரகம், குட்டையாக நின்று கிளைத்துவிடும். நார் ரகம் 80 முதல் 100 செ.மீ. வரை ஒற்றைத் தண்டாக உயரும், உச்சியில் மட்டும் கிளைக்கும். கிளை பிரிகிற இடத்தோடு நாரின் நீளம் முடிந்துவிடுகிறது. பிரிட்டனிக்காரர்கள் சொந்த விதையை நம்பாமல் பால்டிக் கடற்கரையிலிருந்து ரோஸ்காஃப் துறைமுகம் வழியாக விதை தருவித்தார்கள். நல்ல நாருக்காகச் செடியை முற்றுமுன்னே பிடுங்கினால் விதை சரியாக முதிராது. நாரும் விதையும் ஒரே வயலில் உச்சத்தில் கிடைப்பதில்லை.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள், மண் 7 முதல் 9 டிகிரி செல்சியஸ் வெப்பம் எட்டியதும் விதைக்கலாம். மண்ணைப் பொடியாக்கிச் சமன்செய்து, விதையை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை நீளவாட்டிலும் மறு பங்கைக் குறுக்காகவும் தூவுங்கள். ஒன்றரை செ.மீ. ஆழத்துக்கு மூடி, மிதித்து இறுக்குங்கள். சதுர மீட்டருக்கு 1,800 முதல் 2,000 செடி நிற்க வேண்டும். நெருக்கம்தான் செடியை மெலிந்து நேராக வளர வைக்கிறது. தழைச்சத்து கூடினால் பயிர் சாயும். சாய்ந்த தண்டு வேர்ப்பக்கம் வளைந்து எழும், அதன் நார் ஒருபோதும் சீராக வராது. அதனால் எரு போட்ட பாத்தியைத் தவிர்த்து, முந்தைய பயிருக்கு உரமிட்ட பாத்தியைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் மறுபடி ஆளி போட 6, 7 ஆண்டு இடைவெளி வேண்டும். வாடல் நோயின் பூஞ்சை மண்ணில் அத்தனை நாள் தங்குகிறது.

செடி 5 முதல் 10 செ.மீ. இருக்கும்போது ஒரே ஒரு களையெடுப்பு. பிறகு உள்ளே கால் வைக்காதீர்கள். சுமார் 60-ஆம் நாளில் நீலப்பூ பூக்கும், காலையில் விரிந்து நண்பகலுக்குள் உதிரும். பூத்து முடிந்து ஒரு மாதத்தில், விதைத்த 100-ஆம் நாள் வாக்கில், தண்டின் கீழ்ப்பாதி மஞ்சளாகி அடி இலைகள் உதிர்ந்திருக்கும். அதுதான் பருவம். பச்சையாகப் பிடுங்கினால் நார் மெல்லியது, பலம் குறைவு. முழுக்கப் பழுத்தால் முரடாகி விறைக்கும். டவுலஸுக்குக் கொஞ்சம் முதிர்ந்தாலும் குற்றமில்லை.

அரிவாள் கூடாது. வேரோடு கைப்பிடி கைப்பிடியாகப் பிடுங்கி மண்ணை உதறி, வேர்முனைகளை ஒரே பக்கம் சேர்த்துக் கட்டுங்கள். இந்த வரிசை குலைந்தால் பின்னால் சீப்பில் பாதி நார் போய்விடும். வெயிலில் கூம்பாக நிறுத்தி உலர்த்தி, காய்களை ஆணிச்சீப்பில் இழுத்து உதிர்த்துவிடுங்கள்.

ஊறல்: எல்லாம் கெடுகிற இடம்

தேங்காய் மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கயிற்றுக்கு நார் எடுப்பது போன்றதே இதுவும், ஆனால் மாதக்கணக்கு இங்கே நாள்கணக்காகச் சுருங்கிவிடும். தண்டின் நடுவில் மரச்சக்கை, சுற்றி நார்க்கற்றைகள், இடையே ஒட்டுப்பசையாகப் பெக்டின். காற்றில்லாத நீரில் பாக்டீரியா பெக்டினைத் தின்று நாரை விடுவிக்கிறது. விட்டுவைத்தால் நார்க்கற்றைக்குள் இருக்கிற பசையையும் தின்னத் தொடங்கும்.

விதை நீக்கிய 12 கிலோ தண்டுக்கு 250 லிட்டர் தண்ணீர் வேண்டும். 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டு எடுத்து, கட்டுகளை வேர் கீழாகத் தளர்வாக நிறுத்தி, மேலே பலகையும் கல்லும் வைத்து அமிழ்த்துங்கள். இரும்புப் பீப்பாய் வேண்டாம், துருக்கறை நாரில் ஏறினால் போகாது. முதல் நாள் பழுப்பு நீரை வடித்துப் புது நீர் ஊற்றினால் சாயம் குறையும். பிறகு நீரை மாற்றினால் பாக்டீரியாவையும் கொட்டிவிடுவீர்கள். மூன்றாம் நாள் குமிழி கிளம்பும், நாற்றமும் கூடவே வரும். 18 முதல் 20 டிகிரி வெப்பத்தில் 7 முதல் 10 நாள், 28 டிகிரியில் 4 அல்லது 5 நாள்.

நாளைக் கணக்கில் வைக்காதீர்கள், தண்டைப் பாருங்கள். நான்காம் நாளிலிருந்து காலையும் மாலையும் நடுத்தரப் பருமனுள்ள மூன்று தண்டை எடுத்து, நடுவில் ஒடித்து, சக்கையை மெல்ல இழுங்கள். 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்குச் சக்கை வழுக்கி வெளியே வந்து, நார் அறாமல் நாடாவாக நின்றால் முடிந்தது. சக்கையோடு நார் பிய்ந்து வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நாடா தானாகவே மயிரிழைகளாகப் பிரிந்து விரலில் சுற்றினால் அறுகிறதென்றால் தாமதமாகிவிட்டது. குறைந்த ஊறலை மறுபடி நனைத்துச் சரிசெய்யலாம், மிஞ்சிய ஊறலுக்கு வைத்தியம் கிடையாது. ஐயமிருந்தால் அரை நாள் முந்தியே எடுங்கள். எடுத்ததும் நல்ல நீரில் அலசி, புல்லில் மெல்லியதாகப் பரப்பி, உடைத்தால் நொறுங்கும் அளவுக்குக் காய வையுங்கள். ஊறல் நீரை ஓடையில் விடக்கூடாது, அது ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும்.

பீப்பாய் வேண்டாம் என்பவர்கள் தண்டைப் புல்வெளியில் பரப்பிப் பனியில் 3 முதல் 6 வாரம் விடலாம், வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். பூஞ்சை அந்த வேலையைச் செய்கிறது. நார் வெள்ளிச் சாம்பல் நிறமாகும், நீரில் ஊறியது வெளிர் பொன்னிறம். நாற்றமில்லாத வழி, ஆனால் மழையின் போக்கைப் பொறுத்தது.

நொறுக்கல், அடிப்பு, சீவல்

உலர்ந்த தண்டை வெயிலில் ஒரு மணி நேரம் சூடேற்றிவிட்டுத் தொடங்குங்கள். மழை நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஈரம் உறிஞ்சிய சக்கை நொறுங்காமல் வளையும். கைப்பிடியளவு தண்டை மரத்தாலான நொறுக்குச்சட்டத்தில் வேர்ப்பக்கமிருந்து தொடங்கி, மேல்சட்டத்தால் அடித்து நகர்த்திக்கொண்டே போங்கள். பிறகு செங்குத்துப் பலகையின் விளிம்பில் தொங்கவிட்டு, மரக்கத்தியால் பலகையை ஒட்டி மேலிருந்து கீழாக வழித்து அடித்தால் சக்கை உதிரும். நாரைக் குறுக்கே வெட்டுவதுபோல் அடித்தால் நீளம் போய்விடும். சக்கைத் தூசி நுரையீரலுக்குக் கேடு, எளிதில் தீப்பற்றும். முகக்கவசம் அவசியம், பக்கத்தில் அடுப்பு கூடாது.

சீவுவதற்குப் பலகையில் ஆணி நட்ட இரண்டு சீப்புகள்: ஒன்றில் ஆணி இடைவெளி 1 செ.மீ., மற்றதில் 4 மி.மீ. கற்றையின் நுனியை முதலில் சீவி, ஒவ்வொரு இழுப்புக்கும் சற்று உள்ளே தள்ளிப் பாதிவரை வந்ததும் திருப்பிப் பிடித்து மறுபாதியைச் சீவுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் சிக்கு இறுகிப் பாதி நார் சீப்பிலேயே நிற்கும். கையில் மிஞ்சுவது நெடுநார், சீப்பில் தங்குவது கழிநார்.

நிறுத்த வேண்டிய முதல் இடம் இதுவே. ஹாலந்து நூலுக்கு இன்னும் நெருக்கமான சீப்புகளில் இழுப்பார்கள். டவுலஸுக்கு இந்த இரண்டு போதும். மூன்றாவது சீப்பில் இழுத்தால் நார் மினுங்கும், ஆனால் எடையில் கணிசமான பங்கு கழிநாராகப் போகும். விளைச்சல் குறைந்துவிட்டதா? ஊடைக்கு மட்டும் கழிநாரை நூற்றுக்கொள்ளலாம். பாவில் அதைக் கலக்காதீர்கள், பஞ்சு எழும்பி, தறியில் பாவு இழைகளைக் கோக்கும் கண்ணிகளான விழுதில் உரசி அறும்.

நூற்பு

ஆளிநாரை ஈரக்கையால் நூற்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதையைக் கால் லிட்டர் நீரில் கொதிக்கவைத்து வடித்த வழவழப்பு நீரில் விரலைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஈரம் நாரில் மிச்சமிருக்கும் பசையை இளக்கி, நீட்டி நிற்கும் மயிரை நூலோடு ஒட்டிவிடும். உலர நூற்றால் நூல் பூனைமயிர் போர்த்தியதாக வரும். 40 முதல் 50 கிராம் நாரை விசிறியாகப் பல அடுக்காய்ப் பரப்பி, நிற்கும் கம்பில் தளர்வாகச் சுற்றி நாடாவால் கட்டுங்கள். இராட்டையில் செ.மீ.க்கு 3 முதல் 4 முறுக்கு. பழகிய கை மணிக்கு 150 முதல் 250 மீட்டர் நூற்கும். 9,400 மீட்டருக்கு ஐம்பது மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். 100 மீட்டர் சிட்டத்தை நிறுத்தால் 8.3 கிராம் காட்டினால் அதுதான் 20 லீ. பத்துக்கு மேல் போனவற்றை ஊடைக்கு ஒதுக்குங்கள்.

நூலை வேகவைத்தல்

தவுலாஸுக்கு வடக்கே, பிரிட்டனியிலேயே லியோன் என்ற வட்டாரத்தில் துணியை நெய்துவிட்டு வெளுப்பதில்லை, நூலையே வெளுத்துவிட்டு நெய்தார்கள். ஓடைக்கரையில் இதற்கென்றே கட்டிய கல்வீட்டுக்கு பிரிட்டனியின் பிரெத்தோன் மொழியில் கன்டி என்று பெயர். எலோர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் அவற்றின் சுவர்களைக் காணலாம். உள்ளே கல்தொட்டி, அடுப்பு, கொப்பரை. தொட்டியில் சிட்டங்களை அடுக்கி, மேலே துணி விரித்து மரச்சாம்பலைக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, அடித்துளை வழியே வடிந்த காரநீரை மறுபடி சுடவைத்து மறுபடி ஊற்றுவார்கள். பிறகு ஓடையில் அலசிப் புல்லில் விரித்தல். திரும்பவும் தொட்டி. இந்த வணிகத்தில் வந்த பணம் சேன்-தெகோனெக், கிமிலியோ போன்ற ஊர்களின் ஆடம்பரமான தேவாலய வளாகங்களில் கல்லாக நிற்கிறது.

வீட்டில் லிட்டருக்கு 8 கிராம் சலவைச் சோடா போட்டு, தளர்வாக நான்கு இடத்தில் கட்டிய சிட்டங்களை ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். நீர் கடுந்தேநீர் நிறமாகும். கொட்டிவிட்டுப் புதுக்கரைசலில் மறுபடி ஒருமுறை. எவர்சில்வர் பாத்திரம் நல்லது, அலுமினியத்தைச் சோடா அரிக்கும். நூல் எடையில் பத்து சதவீதம் குறையும், அது பசை. சிட்டத்தைக் கம்பில் மாட்டி, அடியில் இலேசான எடை தொங்கவிட்டு உலர்த்துங்கள். எடை இல்லாவிட்டால் நூல் சுருண்டு பாவு ஓட்டும்போது உயிரை வாங்கும்.

பாவும் நெசவும்

பருத்தி பாவு ஓட்டியவர்களுக்கு முதல் அதிர்ச்சி, லினன் நீளாது என்பது. இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். அதனால் ஒரு இழை தளர்ந்திருந்தால் கடைசிவரை தளர்ந்தே தொங்கும், பக்கத்து இழை அதன் சுமையையும் தாங்கி அறும். 1,040 இழையையும் ஒரே இழுவையில், முடிந்தால் ஒரே நாளில், ஒரே ஆள் ஓட்டுவது நல்லது. பாவு சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே கெட்டித்தாள் கொடுங்கள். ஊடையை அடித்து நெருக்கும் சீப்பான அச்சு செ.மீ.க்கு ஆறரைப் பல், பல்லுக்கு இரண்டு இழை. சாதா நெசவுக்கு இரண்டு விழுதுச்சட்டம் போதுமென்றாலும் நான்காகப் பிரித்துச் சட்டத்துக்கு 260 இழை கோத்தால் உரசல் பாதியாகும்.

கஞ்சி இல்லாமல் தறியில் உட்காராதீர்கள். லிட்டர் நீருக்கு 50 கிராம் கோதுமை மாவைக் கட்டியில்லாமல் காய்ச்சி, ஆறியதும் பாவில் ஒரே திசையில் தூரிகையால் தடவி, மிதியை மாற்றி இழைகளைப் பிரித்துவிட்டு உலர்த்துங்கள். நெய்யும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினால் போதும், மொத்தமாகத் தடவினால் காய்ந்து வெடிக்கும்.

அறையில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஐரோப்பிய லினன் நெசவாளர்கள் நிலவறையில் தறி போட்டதற்குக் காரணம் இதுவே. ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், ஈர ஊடை நன்றாக நெருங்கும். விழுது மாறி இழை மூடிய பிறகு அச்சை அடித்தால் ஊடை நகராது. ஓரம் உள்வாங்கினால் ஓர இழைகள் அச்சில் உரசி முதலில் அறும். அகலம் காக்கும் குறுக்குக்கம்பை 4 செ.மீ.க்கு ஒருமுறை நகர்த்துங்கள். தறியிலிருந்து இறக்கும்போது துணி விறைப்பாக, இழைகளுக்கிடையே வெளிச்சம் தெரிகிறதாக இருக்கும். பயந்து கூடுதலாக அடித்து நெருக்காதீர்கள், துவைப்பில் அது மூடிக்கொள்ளும்.

வெளுப்பு, கடைசி நிறுத்தம்

கஞ்சியை நீக்க வெதுவெதுப்பான நீரில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் சோப்பு நீரில் அரை மணி கொதிக்கவிட்டு அலசுங்கள். பிறகு புல்வெளி. சூரியனும் ஈரமும் சேர்ந்துதான் வெளுக்கும். உலர்ந்த துணி வெயிலில் கிடந்தால் பலம்தான் குறையும். அதனால் பகலில் மூன்று நான்கு முறை நீர் தெளித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, புளித்த மோரை நான்கு பங்கு நீரில் கலந்து இரவு முழுதும் ஊறப்போட்டால் காரத்தின் மிச்சம் நீங்கும். நன்றாக அலசாவிட்டால் துணி மஞ்சளிக்கும். குளோரின் வெளுப்பை பெர்த்தொலே 1785 வாக்கில்தான் கண்டுபிடித்தார், டவுலஸின் நல்ல காலத்தில் அது கிடையாது. ஆகவே கடை பிளீச் வேண்டாம், ஆளிநாரை அது வேகமாகத் தின்னும்.

தூய வெள்ளைக்குப் பல சுற்றுக் காரமும் புல்லும் மோரும் தேவை. டவுலஸுக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று வாரம். பாலாடை நிறத்துக்கு வந்து, நனைத்துப் பார்த்தால் இன்னும் சாம்பல் சாயல் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சுற்றும் பலத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். தினம் அடித்துத் துவைக்கப்படுகிற சட்டைக்கு நிறத்தைவிடப் பலம் முக்கியம்.

ஈரமாக இருக்கும்போதே துணியை உருளையில் இறுகச் சுற்றி மரக்கட்டையால் அடித்தால் இழை தட்டையாகி இடைவெளி அடையும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் மறுபடி ஒருமுறை துவைத்துவிடுங்கள், சுருங்க வேண்டியது அங்கேயே சுருங்கட்டும். வெட்டும் கோட்டை சுண்ணக்கட்டியால் போட வேண்டாம். ஓரத்தில் ஒரு இழையை ஊசிமுனையால் கிளப்பி, துணியைச் சுருக்கியபடி மெல்ல உருவி எடுத்தால் அந்த இடத்தில் நேரான சந்து தெரியும். அதன் வழியே கத்தரி போகட்டும். இழை பாதியில் அறுந்தால் அதுவரை வெட்டி, அங்கிருந்து அதே இழையை மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.